இரும்புச் சாவியில் ஏறிய செம்பு வெங்காயச் சருகாக உரிகிறது: எங்கே தவறு?

சாவிக்கொத்து (காரைக்குடி) எழுதியது:

வணக்கம். முனீஸ்வரன் கோயில் தெருவை ஒட்டிய சந்தில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். தெருவில் இருக்கும் பெரிய கடைக்காரர்கள் பர்மாத் தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி என்று போய்விடுவார்கள். அவர்கள் ஒதுக்கும் பூட்டு, நாதாங்கி, கீல், எனாமல் தூக்கு ஆகியவைதான் என் பிழைப்பு.

சென்ற மாதம் கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டைப் பிரித்தபோது பன்னிரண்டு இரும்புச் சாவிகள் எடைக்குக் கிடைத்தன. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், சுண்டுவிரல் கனம். கதவுகள் முன்பே விலைபோய்விட்டன. எந்த ஊரில் சாப்பாட்டு மேசையாகக் கிடக்கின்றனவோ. சென்னையில் ஒருவர் இந்தச் சாவிகளைச் சுவரில் மாட்டக் கேட்கிறார். ஆனால் செம்பு நிறத்தில் வேண்டுமாம். பெயின்ட் அடித்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பி.எஸ்சி. வேதியியலை இரண்டாம் ஆண்டோடு விட்டவன் நான். செம்பு முலாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே என்ற தைரியத்தில் இறங்கிவிட்டேன்.

உரக்கடையில் அரைக் கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) வாங்கினேன். வாய் உடைந்த ஊறுகாய் ஜாடியில் மூன்று லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கரைத்தேன். நெளிந்துபோன செம்புக் குடத்தின் கழுத்தை வெட்டிப் பிளஸ்ஸில் கட்டினேன், சாவியை மைனஸில். மின்சாரத்துக்குக் கார் பேட்டரி சார்ஜர், 12 வோல்ட். சாவியை முன்னதாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் துணியால் நன்றாகத் துடைத்துக்கொண்டேன்.

சாவியைக் கரைசலில் இறக்கிய கணமே அது சிவந்துவிட்டது. சுவிட்சை நான் இன்னும் போடவே இல்லை! அந்த மகிழ்ச்சியிலேயே சுவிட்சைப் போட்டேன். சாவியின் ஓரங்களில் பொடிக் குமிழிகள் கிளம்பின. பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால், கரி படிந்த செங்கல் நிறம். துடைத்ததும் பாதி தூளாகத் துணியோடு வந்தது. மீதியை நகத்தால் நெருடினேன். வெங்காயச் சருகு போலச் சுருண்டு உரிந்தது. உள்ளே இருந்த இரும்பு, தேய்ப்பதற்கு முன்பு இருந்ததைவிடக் கறுத்திருந்தது. நான்கு சாவிகள் இப்படிப் பாழாயின. நான்காவது முடிவதற்குள் மயில் கழுத்து நிறத்தில் இருந்த கரைசலிலும் பச்சை ஏறிவிட்டது.

இதற்கு நடுவே, பிளஸ் டூ படிக்கும் என் மகள் வந்து நின்றாள். “அப்பா, ஆனோடு என்றால் பிளஸ் என்கிறீர்கள். எங்கள் புத்தகத்தில் டேனியல் மின்கலத்தின் ஆனோடு துத்தநாகம், அது மைனஸ் என்று இருக்கிறது. எது சரி?” என்று கேட்டாள். அச்சுப் பிழையாக இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

செம்பு ஏன் ஒட்டவில்லை, மகளுக்கு என்ன சொல்வது, இரண்டுக்கும் யாராவது வழி சொல்லுங்கள். மீதி எட்டுச் சாவிகள் இருக்கின்றன.

வயர்மேன் (பள்ளத்தூர்) எழுதியது:

12 வோல்ட்டை அப்படியே கொடுத்தால் வேறென்ன நடக்கும்? தாளிக்கிற சூட்டில் பால் காய்ச்சினால் அடிப்பிடிக்கத்தான் செய்யும். சார்ஜருக்கும் ஜாடிக்கும் நடுவில், வண்டியின் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைத் தொடராக இணையுங்கள். 12 வோல்ட், 21 வாட் பல்பு. ஒன்றே முக்கால் ஆம்பியருக்கு மேல் அது விடாது. ஆனோடு விவகாரம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது சிவப்பு வயரும் கறுப்பு வயரும்தான்.

பழைய பட்டறை (தேவகோட்டை ரஸ்தா) எழுதியது:

தம்பி, கோயம்புத்தூரில் முப்பத்தோரு ஆண்டுகள் முலாம் பட்டறையில் நின்றவன் நான். பம்பு உதிரிகளுக்கு நிக்கல் போடுவதுதான் பெரும்பாலும் வேலை. அந்த நிக்கல் கொடுத்த சொறி இன்னும் என் முழங்கை மடிப்பில் இருக்கிறது. அந்த உரிமையில் சற்று நீளமாக எழுதுகிறேன்.

பள்ளத்தூர்க்காரர் சொன்னது உங்கள் சாவிக்கு வந்த இரண்டாவது நோய். முதல் நோய் சுவிட்சைப் போடும் முன்பே வந்துவிட்டது. சாவி சிவந்ததும் மகிழ்ந்தீர்களே, அந்தக் கணத்தில்தான் வந்தது.

இரும்புக்கு எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் குணம் அதிகம், செம்புக்குக் குறைவு. இந்தக் குணத்தை வோல்ட்டில் குறிக்கும் அட்டவணையில் இரும்புக்கு மைனஸ் 0.44 வோல்ட், செம்புக்குப் பிளஸ் 0.34 வோல்ட். இடைவெளி 0.78 வோல்ட். துத்தக் கரைசலில் இருக்கும் செம்பு அயனி, அதாவது எலக்ட்ரானை இழந்த செம்பு அணு, ஒவ்வொன்றும் இரண்டு எலக்ட்ரானுக்காக ஏங்கிக்கொண்டிருக்கிறது. நீங்கள் இரும்பை உள்ளே விட்டால், இரும்பு அணு இரண்டு எலக்ட்ரானைச் சாவியிலேயே விட்டுவிட்டு, தான் அயனியாகிக் கரைசலுக்குள் போய்விடுகிறது. அந்த எலக்ட்ரான் சாவியின் உடம்புக்குள்ளேயே ஓடி, ஒரு நூல் தள்ளி நிற்கும் செம்பு அயனிக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே செம்பு படிகிறது. ஒரே சாவியில் ஓர் இடம் கரைகிறது, பக்கத்து இடம் சிவக்கிறது. கம்பியும் வேண்டாம், சார்ஜரும் வேண்டாம். சாவியே ஒரு பேட்டரியாகிவிட்டது, முனைகள் ஒட்டிக்கொண்டு தீர்ந்துகொண்டிருக்கும் பேட்டரி.

இப்படி வந்த செம்பு ஏன் ஒட்டாது என்றால், அது உட்கார்ந்திருக்கும் தரை அதன் காலடியிலேயே கரைந்துகொண்டிருக்கிறது. பஞ்சு போல ஓட்டை ஓட்டையான படிவு. அந்த ஓட்டைகளின் வழியே இரும்பு இன்னும் கரையும். அதன் மேல் சார்ஜரை வைத்து எவ்வளவு நல்ல செம்பு ஏற்றினாலும், அடித்தளம் பொக்கென்று இருந்தால் மொத்தமும் சருகாக வரும். கரைசலில் ஏறிய பச்சை, சாவியிலிருந்து போன இரும்பு. நீங்கள் நகத்தால் உரித்தபோது உள்ளே கறுத்துத் தெரிந்ததும் அதனால்தான்.

இப்போது உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். அவள் கேட்டதும் நீங்கள் கேட்டதும் ஒரே கேள்விதான். ஆனோடைத் தமிழில் நேர்மின்வாய் என்று எழுதிப் பழக்கிவிட்டார்கள். பெயரிலேயே பிளஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழந்தை குழம்பாமல் என்ன செய்யும்? ஆங்கில விஞ்ஞானி பாரடே 1834இல் ஆனோடு, கேத்தோடு என்ற சொற்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது, வில்லியம் ஹியூவெல் என்ற அறிஞரிடம் கேட்டுப் பெற்ற கிரேக்கச் சொற்கள் அவை. ஆனோடு என்றால் மேலேறும் வழி, கேத்தோடு என்றால் கீழிறங்கும் வழி. பிளஸ்ஸும் இல்லை, மைனஸும் இல்லை. எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் இடம் ஆனோடு. அதற்கு ஆக்சிஜனேற்றம் என்று பெயர். எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் இடம் கேத்தோடு, அது ஒடுக்கம். வேறு எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் ஸ்கூட்டர் பேட்டரியைக் காட்டிச் சொன்னால் அவளுக்குச் சட்டென்று புரியும். வண்டியைக் கிளப்பும்போது அதன் ஈயத்தகடு எலக்ட்ரானை விடுகிறது. ஆகவே ஆனோடு, குறி மைனஸ். சார்ஜ் ஏற்றும்போது அதே தகடு எலக்ட்ரானை வாங்குகிறது. ஆகவே கேத்தோடு, குறி அப்போதும் மைனஸ்தான். மேலே அச்சடித்த குறி அப்படியே இருக்க, தகட்டின் வேலை மாறிவிட்டது. உங்கள் ஜாடியில் சார்ஜர் ஒரு பம்பு மாதிரி. குடத்தின் கழுத்திலிருந்து எலக்ட்ரானை உறிஞ்சிச் சாவிக்குள் தள்ளுகிறது. உறிஞ்சப்பட்ட இடத்தில் செம்பு கரைகிறது, தள்ளப்பட்ட இடத்தில் செம்பு படிகிறது.

இரண்டாவது நோய் கருகல். உங்கள் சாவியின் மேற்பரப்பு வளையம், பல் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 60 சதுர சென்டிமீட்டர் இருக்கும். அமிலச் செம்புத் தொட்டியில், அதாவது துத்தமும் கந்தக அமிலமும் கலந்த கரைசலில், 100 சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு ஆம்பியர் தாராளம். அந்தக் கணக்கில் ஒரு சாவிக்கு 1.2 ஆம்பியர் போதும். பேட்டரி சார்ஜர் தன் சக்திக்கு ஏற்ப நான்கு ஐந்து ஆம்பியரை அள்ளிக் கொட்டியிருக்கும். மைனஸ் முனை செம்பு அயனிகளை இழுக்கிறது. ஆனால் அவ்வளவு எலக்ட்ரான் காத்திருக்கும்போது சாவியின் அருகில் அயனிகளே தீர்ந்துபோகின்றன. அயனி கிடைக்காத எலக்ட்ரான் சும்மா இருக்காது, தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் பார்த்த குமிழி ஹைட்ரஜன். அந்த நெருக்கடியில் படிகிற செம்பு தூளாகத்தான் படியும்.

மூன்றாவதாக ஒன்று. “துணியால் நன்றாகத் துடைத்தேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டேன். கடைத் துணியில் எண்ணெய் இல்லாமல் இருக்குமா? ஈயம் பூசுகிறவர் பாத்திரத்தை நவச்சாரம் போட்டு எப்படித் தேய்ப்பார் என்று பார்த்திருப்பீர்கள். அவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிய வேண்டும். சூடான சலவைச் சோடாவில் ஊறவைத்து பிரஷ் போட்டுத் தேய்த்து, தண்ணீரில் முக்கித் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். தாமரை இலைத் தண்ணீராக முத்து முத்தாக நின்றால், மறுபடியும் சோடா. அதன் பிறகு கையால் தொடக் கூடாது. விரல் ரேகை அப்படியே செம்பில் வரும்.

இனி வைத்தியம். இரும்பின் மேல் நேரே அமிலச் செம்பு போட முடியாது. பட்டறைகளில் முதலில் சயனைடு செம்பு போடுவார்கள். அதில் செம்பு அயனியைச் சயனைடு இறுகப் பிடித்துக்கொள்வதால், இரும்பைக் கண்டதும் பாய்ந்து ஒட்டாது. வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம். துளி அமிலம் பட்டால் கிளம்பும் வாயு ஆளைக் கொன்றுவிடும். உங்களுக்கு ஏற்ற வழி நிக்கல் அடிப்பூச்சு. இரும்புக்கும் நிக்கலுக்கும் இடைவெளி 0.19 வோல்ட்தான், நிக்கல் படிவதும் மந்தம். அதனால் தானாக ஒட்டிக்கொள்ளும் தொல்லை கிட்டத்தட்ட இல்லை.

1916இல் வாட்ஸ் என்பவர் சொன்ன கலவையைத்தான் உலகமே இன்னும் வைத்திருக்கிறது. லிட்டருக்கு 240 முதல் 300 கிராம் நிக்கல் சல்பேட், கொஞ்சம் நிக்கல் குளோரைடு, 30 முதல் 45 கிராம் போரிக் அமிலம். குளோரைடு எதற்கு என்றால், நிக்கல் ஆனோடு ஆக்சைடு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கரைய மறுக்கும். அந்தப் போர்வையைக் கிழிக்கத்தான். போரிக் அமிலம் கேரம் பலகையில் தூவுகிறோமே, அதே பொடி. கேத்தோடில் நிக்கலோடு கொஞ்சம் ஹைட்ரஜனும் வரும். அப்போது அந்த இடத்தில் அமிலத்தன்மை குறைந்து நிக்கல் ஹைட்ராக்சைடு கலந்தால் பூச்சு மொறுமொறுவென்று உடையும். அதைத் தடுத்து நிறுத்துவது இந்தப் பொடி. எங்கள் பட்டறையில் ஒரு முறை புதிதாகச் சேர்ந்த பையன் போரிக் மூட்டையை வெறும் பவுடர் என்று ஓரமாக வைத்துவிட்டான். அன்றைய சரக்கு முழுவதையும் உரித்துத் திரும்பப் போட்டோம்.

இந்தத் தொட்டியை நீங்கள் வைக்க வேண்டாம். நிக்கல் உப்பு உடம்புக்கு ஆகாது, என் முழங்கையே சாட்சி. மதுரையில் நிக்கல் போடும் பட்டறை ஒன்றில் கொடுத்து, ஐந்து நிமிடம் நிக்கல் மட்டும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மைக்ரான் ஏறினால் போதும். திரும்பும்போது சாவிகளைக் காயவிடாமல் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் கொண்டுவாருங்கள். வீட்டில் நீர்த்த கந்தக அமிலத்தில் அரை நிமிடம் முக்கி, மின்சாரத்தை இணைத்த பிறகே செம்புக் கரைசலில் இறக்குங்கள்.

பச்சையாகிப்போன கரைசலை ஊருணிப் பக்கம் கொட்டிவிடாதீர்கள், மீன் செத்துவிடும். ஒரு பிடி துருப்பிடித்த ஆணிகளை அதில் இரண்டு நாள் போட்டு வையுங்கள். உங்களைக் கெடுத்த அதே வினை, மீதிச் செம்பையெல்லாம் ஆணியில் இறக்கிவிடும். பிறகு சலவைச் சோடா போட்டு, அடியில் தங்கும் மண்டியைத் தனியே எடுத்துவிடலாம்.

பூட்டும் அனுப்பப் போகிறீர்கள் என்றால், அதன் உள்ளே இருக்கும் எஃகு ஸ்பிரிங்கை மட்டும் கழற்றி வைத்துவிடுங்கள். அமிலத்திலும் முலாத் தொட்டியிலும் கிளம்பும் ஹைட்ரஜன் அதற்குள் புகுந்தால், ஸ்பிரிங் ஒரு நாள் சாவி திருப்பும்போது படக்கென்று ஒடியும்.

துணைவினா (அழகப்பாபுரம்) எழுதியது:

நான் எம்.எஸ்சி. மாணவி. பழைய பட்டறை ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஒரே ஒரு திருத்தம்.

“மைனஸ் முனை செம்பு அயனிகளை இழுக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். கரைசலில் அமிலம் நிறைய இருக்கும்போது, மின்சாரத்தைப் பெரும்பாலும் சுமந்து திரிவது வேகமாக ஓடும் ஹைட்ரஜன் அயனிகள். சாவியை ஒட்டிய தலைமுடி அளவு மெல்லிய அடுக்கில், செம்பு அயனி பெரும்பாலும் பரவல் வழியாகத்தான் வந்து சேர்கிறது. செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானாக நகர்வதுதான் பரவல். அதனால்தான் கலக்கிவிட்டால் கருகல் குறைகிறது, மின்சாரத்தைக் கூட்டினால் குறையவில்லை. மீன்தொட்டிக்குக் காற்று விடும் சிறு பம்பு ஒன்றை ஜாடியில் போட்டாலே வித்தியாசம் தெரியும்.

வயர்மேன் அண்ணன் வோல்ட்டைக் குறை சொன்னதிலும் சுவாரசியமான ஒன்று இருக்கிறது. ஆனோடும் செம்பு, படிவதும் செம்பு என்றால், ஒரு பக்கம் நடக்கும் வினை மறுபக்கம் தலைகீழாக நடக்கிறது, அவ்வளவுதான். கணக்குப்படி அதற்குத் தேவையான வோல்ட் சுழி! கரைசலின் தடையையும் மின்வாய்களில் இருக்கும் மந்தத்தையும் தாண்டத்தான் அரை வோல்ட், ஒரு வோல்ட் வேண்டியிருக்கிறது. குடத்தின் கழுத்துக்குப் பதிலாகப் பழைய டார்ச் செல்லின் கரிக்குச்சியை வைத்தால் கதை மாறும். கரி கரையாது. எலக்ட்ரானைத் தண்ணீர்தான் விட்டாக வேண்டும்: இரண்டு தண்ணீர் மூலக்கூறு நான்கு எலக்ட்ரானை விட்டு, ஒரு ஆக்சிஜன் மூலக்கூறும் நான்கு ஹைட்ரஜன் அயனியும் ஆகும். அதற்குக் குறைந்தது 0.89 வோல்ட் வேண்டும். படியும் செம்புக்கு ஈடாக எதுவும் கரையாததால் நீலமும் நாளாக ஆக வெளுக்கும். பிளஸ் டூ தேர்வில் இந்த இரண்டையும் ஒப்பிடச் சொல்லிக் கேட்பார்கள், தங்கையிடம் சொல்லுங்கள்.

கரைசலில் அமிலம் சேர்த்ததாக நீங்கள் எழுதவே இல்லையே. வெறும் துத்தத் தண்ணீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, படிவில் ஆக்சைடும் கலக்கும். லிட்டருக்கு 200 கிராம் துத்தம், 50 கிராம் கந்தக அமிலம் என்பது வழக்கமான அளவு. கடையில் விற்கும் பேட்டரி அமிலமாக இருந்தால் லிட்டருக்கு 120 மில்லி அளவில் வரும். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

செம்பைப் பொறுத்தவரை ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 1.186 கிராம் ஏற வேண்டும். நகைத் தராசு கிடைத்தால் முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். ஓடிய மின்சாரத்தின் அளவுக்கு ஏற்பத்தான் உலோகம் படியும் என்று சொன்ன பாரடே சரியா என்று உங்கள் கடையிலேயே தெரிந்துவிடும்.

இந்தக் கேள்வி காரைக்குடியிலிருந்து வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும், 1948இல் நேரு அடிக்கல் நாட்டி 1953 பொங்கல் சமயத்தில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் நம் ஊரில்தான் இருக்கிறது. என் அப்பத்தா பஸ்ஸில் அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம், “கரண்டில் பாத்திரம் விளக்குகிற ஆபீஸ்” என்பார். நான் மின்வேதியியல் எடுத்ததற்கு அந்த வாக்கியமும் ஒரு காரணம்.

இரண்டாம் கட்டு (கொத்தமங்கலம்) எழுதியது:

எல்லோரும் எப்படிப் பூசுவது என்று சொல்கிறீர்கள். ஏன் பூச வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டு முகப்புக் கதவின் சாவி மூன்று தலைமுறைக் கைபட்டுக் கறுத்து மினுங்குகிறது. அந்தக் கறுப்புக்குச் செம்பு ஈடாகுமா? தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துக் கொடுங்கள், விரும்புகிறவர் வாங்கட்டும்.

பழைய பட்டறை (தேவகோட்டை ரஸ்தா) எழுதியது:

அழகப்பாபுரம் அம்மா சொன்ன திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். முப்பத்தோரு ஆண்டுகள் கம்பியை ஆட்டிக்கொண்டே நின்றேன், ஏன் ஆட்டுகிறேன் என்று இப்போதுதான் யாரோ சொல்கிறார்கள்.

கொத்தமங்கலத்துக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. நான் வேறு ஒரு காரணம் சேர்க்கிறேன். இரும்பின் மேல் இருக்கும் செம்பில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் போதும், ஈரம் பட்டதும் உள்ளே இருக்கும் இரும்பு ஆனோடாகிவிடும், சுற்றியுள்ள செம்பு முழுவதும் கேத்தோடாகிவிடும். பூசாத சாவியைவிட அந்தப் புள்ளி வேகமாகத் துருவேறும். துத்தநாகம் பூசிய தகரத்தில் ஓட்டை விழுந்தால் துத்தநாகம் முன்னால் நின்று தன்னைக் கரைத்துக்கொள்ளும். செம்பு அப்படிச் செய்யாது. ஆகவே சுவர் அலங்காரத்துக்குச் சரி. கதவுக்குப் போகும் சாவி என்றால் நானும் எண்ணெய்க் கட்சிதான்.

உரிவது எல்லாமே தோல்வி என்று நினைத்துவிட வேண்டாம் தம்பி. 1838இல் ரஷ்யாவில் யாகோபி என்பவர், உரித்தெடுத்த செம்புத் தோலில் அடியில் இருந்த வடிவம் கோடு பிசகாமல் பதிந்திருப்பதைக் காட்டினார். அதையே ஒரு தொழிலாக்கிவிட்டார்கள். உங்கள் சருகைத் தூக்கிப் போடும் முன் உட்புறத்தைப் பாருங்கள், உப்புத்தாள் கீறல் தெரிகிறதா என்று.

சாவிக்கொத்து (காரைக்குடி) எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். சருகின் உட்புறத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பெரும்பாலும் கரிதான், ஓர் ஓரத்தில் மட்டும் கீறல் கோடுகள் தெரிந்தன.

கொத்தமங்கலத்து அன்பர் கோபிக்க வேண்டாம். எட்டில் இரண்டு சாவிகளைப் பூசாமல் எண்ணெய் தடவி வைத்துவிட்டேன். ஆறு மதுரைக்குப் போயின. நிக்கல் போட்ட பட்டறைக்காரர், “இதோடு நிறுத்திவிடவா?” என்று இரண்டு முறை கேட்டார். பாலிஷ் செய்யாமல் மஞ்சள் கலந்த சாம்பல் வெள்ளையில் வாங்கிக்கொண்டு போகிறவனை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. திரும்பும் பஸ்ஸில், தண்ணீர் பாட்டிலுக்குள் ஆறு சாவிகள் குலுங்குவதைப் பக்கத்து இருக்கைக்காரர் திருப்பத்தூர் வரை பார்த்துக்கொண்டே வந்தார். ஏதோ பரிகாரம் என்று நினைத்தாரோ என்னவோ, இறங்கும்போது கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

புதுக் கரைசல், பேட்டரி அமிலம், இண்டிகேட்டர் பல்பு, மீன்தொட்டிப் பம்பு எல்லாம் வைத்து இரண்டிரண்டு சாவிகளாகப் போட்டேன். மீட்டரில் 1.6 ஆம்பியர் காட்டியது. நாற்பத்தைந்து நிமிடம். குமிழி இல்லை, கருகல் இல்லை. எடுத்துக் கழுவியபோது அச்சு அசல் புதுக் குடத்தின் உட்புற நிறம், பளபளப்பில்லாத இளஞ்சிவப்பு. நகம், சாவியின் பல், வீட்டுக் கத்தி எதற்கும் உரியவில்லை.

பக்கத்து நகைக் கடையில் நிறுத்தோம். மகள்தான் கணக்கு எழுதினாள். 1.6 ஆம்பியர், முக்கால் மணி நேரம், ஆக 1.2 ஆம்பியர் மணி. ஏற வேண்டியது 1.42 கிராம். ஏறியது, இரண்டு சாவிக்கும் சேர்த்து, 1.38. குடத்தின் கழுத்து இழந்தது 1.47. கழுத்து ஏன் கூடுதலாக இழந்தது என்று அவளே ஜாடியின் அடியைத் துழாவி, கரைந்து உதிர்ந்த செம்புத் துகளை விரலில் எடுத்துக் காட்டினாள். ஸ்கூட்டர் பேட்டரி விளக்கத்தை வகுப்பில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறாள். அச்சுப் பிழை என்று சொன்ன அப்பாவைப் பற்றியும் சொன்னாளாம்.

ஒரே ஒரு குறை. சாவிகளைத் தொங்கவிட்ட கம்பி, வளையத்தின் உட்புறத்தில் உட்கார்ந்திருந்த இடத்தில் செம்பு ஏறவில்லை. கடுகளவு புள்ளிதான். நான்கு நாள் மழைக்குப் பிறகு அந்தக் கடுகு மட்டும் ஆரஞ்சு நிறமாகிவிட்டது. சென்னைக்காரர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறார். என்ன செய்யலாம்?

பழைய பட்டறை (தேவகோட்டை ரஸ்தா) எழுதியது:

பாதி நேரத்தில் கம்பியை வேறு இடத்துக்கு நகர்த்தியிருக்க வேண்டும். சொல்ல மறந்தது என் தவறு. மதுரையிலும் அதே இடத்தில்தான் கம்பி மாட்டியிருப்பார்கள், அதனால் அங்கே நிக்கலும் இருக்காது. இப்போது மறுபடி ஜாடியில் இறக்கினால் அந்தப் புள்ளி பழைய கதையையே தொடங்கும். குச்சியின் நுனியில் உப்புத்தாள் சுற்றித் துருவை மட்டும் சுரண்டுங்கள், சூடாக்கி ஈரம் போக்குங்கள், நிறமில்லாத வார்னிஷ் ஒரு சொட்டு வையுங்கள். முடிந்தால் சாவி முழுவதற்குமே மெல்லிய வார்னிஷ் ஒரு கை அடியுங்கள். இல்லையென்றால் தீபாவளிக்குள் செம்பு கறுத்து, கொத்தமங்கலத்துக்காரர் கேட்ட நிறம் தானே வந்துவிடும்.